மாப்பிள்ளைய மாத்தியாச்சு!

மதுரையில் ஒரு குடும்பத்தின் சேதி தெரிய அவர்கள் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியதில்லை. தெருமுனையில் அண்ணாந்து பார்த்தால் போதும். காதுகுத்து, புதுமனை புகுவிழா, பையன் வக்கீலுக்குப் படித்து முடித்தது, எல்லாவற்றுக்கும் பிளெக்ஸ் உண்டு. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன், பலகையில் எழுதியிருந்ததை அப்படியே நம்பித் தொலைத்ததில் என்ன ஆச்சரியம்? (என் மனைவி இந்தச் சமாதானத்தை இன்றுவரை ஏற்கவில்லை.)

எனக்கும் வில்லாபுரம் தேன்மொழிக்கும் நிச்சயம் முடிந்து, கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் காலை ஆபீஸுக்குப் போகும் வழியில், பழங்காநத்தத்தில் ராட்சச விளம்பரப் பலகை ஒன்று என்னை நிறுத்தியது. பட்டு வேட்டி கட்டிய ஓர் ஆள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறி. கீழே, ‘மாப்பிள்ளைய மாத்தியாச்சு! விவரம் விரைவில்.’ கம்பெனிப் பெயர் இல்லை, போன் நம்பர் இல்லை.

முதலில் சிரித்தேன். பிறகு அந்த ஆளின் தோளைப் பார்த்தேன். என் தோளைவிட அகலம். எங்கேயோ பார்த்த தோள். தேன்மொழியின் மாமா மகன் பாண்டி! அவளைக் கட்டிக்கொள்ளும் முறை உள்ளவன். நிச்சயத்தன்று என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நல்லா சாப்பிடுங்க என்று மட்டும் சொன்னவன். தொழில்? பிளெக்ஸ் அச்சடிப்பது.

தேன்மொழிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. (அவள் டீச்சர். அந்நேரம் வகுப்பில் இருப்பாள் என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய?) நேராகப் பாண்டியின் கடைக்கு வண்டியை விட்டேன். மிஷினிலிருந்து அடுத்த பிளெக்ஸ் இறங்கிக்கொண்டிருந்தது. ‘புது மாப்பிள்ளை’ வரைக்கும் படித்துவிட்டேன். என்னைக் கண்டதும் அவசரமாக அதைச் சுருட்டினான்.

யாருக்கு இது என்று கேட்டேன்.

"வெளிய சொல்லக் கூடாதுண்ணே. நாளைக்கு ஊருக்கே தெரிஞ்சிரும்."

அவ்வளவுதான். சாயங்காலம் வில்லாபுரம் போய், தேன்மொழியின் அப்பா முன்னால் நிச்சய மோதிரத்தைக் கழற்றி டீப்பாயில் வைத்தேன். பலகையைப் பார்த்துவிட்டேன், பெருந்தன்மையாக விலகிக்கொள்கிறேன் என்று ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். நடுவில் நிஜமாகவே அழுதுவிட்டேன். அவளை எனக்கு அம்புட்டுப் பிடித்திருந்தது.

ஒன்றும் புரியாத மனிதர் பாண்டிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அந்தப் பலகை யாருக்கு என்று கேட்டார்.

"மாமா, அது அரிசி விளம்பரம். மாப்பிள்ளைச் சம்பா. பழைய பையை மாத்திப் புதுப் பையில போட்டு விக்கிறாக."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். தேன்மொழி சிரிக்கவில்லை.

"ரோட்டுல நிக்கிற தகரத்தை நம்புவீங்க. என்னைய ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்க, இல்ல?"

மோதிரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதைத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு மனசு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை, எந்த அரிசியானாலும். (அந்த விளம்பரத்தை யோசித்த புண்ணியவானுக்கு மட்டும் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனதாகக் கேள்வி.)

கல்யாணத்தன்று மண்டப வாசலில் பாண்டி தன் செலவில் ஒரு பிளெக்ஸ் கட்டியிருந்தான். ஆளுயரத்துக்கு என் முகம். கீழே, ‘மாப்பிள்ளைய மாத்தலை!’ சனம் எங்களோடு எடுத்த போட்டோவைவிட அதன் முன்னால் நின்று எடுத்ததுதான் அதிகம்.

ஆல்பத்தில் அதைப் பார்க்கும்போதெல்லாம் என் மகள், "ஏம்மா மாத்தலை?" என்பாள். தேன்மொழி என் பக்கம் திரும்பாமலே பதில் சொல்வாள்.

"கேட்டேன்டி. வேற ஸ்டாக் இல்லைன்னுட்டாக."