ணங்கு வாத்தியாரின் ஜப்பான் வகுப்பு

விருத்தாசலத்தில் ணங்கு வாத்தியாரின் விரல் படாத கோப்பையில் யாரும் டீ குடித்திருக்க முடியாது. என் சிநேகிதன்தான். பகலில் பீங்கான் கம்பெனியில் அவனுக்கு வேலையே தட்டிப் பார்ப்பது. சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு கோப்பையையும் நகத்தால் சுண்டுவான். ணங்கென்றால் பெட்டிக்குப் போகும். டப்பென்றால் உள்ளே விரிசல், குப்பைக்குப் போகும். மாலையில் ஜங்ஷன் பக்கம் ஒரு மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுப்பான். அங்கே டஸ்டரைக்கூடச் சுண்டிவிட்டுத்தான் கையில் எடுப்பான்.

அவனுக்குப் பெண் பார்க்கக் கருவேப்பிலங்குறிச்சி போனோம். காபி வந்தது. நான் அவன் தொடையைக் கிள்ளுவதற்குள் கோப்பையைச் சுண்டிவிட்டான்.

"விரிசல் இருக்குதுங்க" என்றான் பெண்ணின் அப்பாவிடம், ரொம்ப மரியாதையாக.

"நல்ல காரியத்துக்கு வந்த வூட்டுல பேசுற பேச்சா இது? எழுந்திரிங்க" என்றார் அவர்.

பஸ் வரும்வரை வெயிலில் நின்றோம். "டப்புன்னுதாண்டா கேட்டுச்சு" என்று வழியெல்லாம் சாதித்தான்.

இந்த ஆளைத்தான் ஜப்பானில் ஒரு பள்ளிக்கூடம் இங்கிலீஷ் வாத்தியாராகக் கூப்பிட்டுக்கொண்டது. போய் மூன்று வாரமாகியும் பிள்ளைகள் வாயைத் திறக்கவில்லை. எழுந்து குனிந்து வணங்குவார்கள், உட்காருவார்கள், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை துணைத் தலைமையாசிரியர் வகுப்பைப் பார்க்க வருவார், அன்றும் பிள்ளைகள் பேசாவிட்டால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். "பொட்டி கட்டணும் போலருக்குதுடா" என்று அதற்கு முந்தின நாள் போனில் அழாத குறை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மத்தியானம் கூப்பிட்டு எல்லாம் சொன்னான். காலையில் ஆசிரியர் அறையில் துணைத் தலைமையாசிரியரே தன் கோப்பை ஒன்றில் டீ ஊற்றிக் கொடுத்தாராம். விரல் சும்மா இருக்குமா? சுண்டினான். டப்.

"கருவேப்பிலங்குறிச்சி ஞாபகம் வந்துச்சுடா. வாயத் தொறக்காம குடிச்சிட்டேன்."

வகுப்பில் வழக்கம்போல ஒரே அமைதி. பின்வரிசையில் துணைத் தலைமையாசிரியர் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறார். பழக்கத்தில் இவன் விரல் தானாக மேசையைச் சுண்டியது. பிள்ளைகள் நிமிர்ந்தார்கள். "குட்? நோ குட்?" என்று கேட்டிருக்கிறான். அடுத்து ஜன்னலைச் சுண்டினான். முன்வரிசைப் பெண் ஒருத்தி மெதுவாக, "குட்" என்றாள். அப்புறம் நாற்காலி, கரும்பலகை, தூண் என்று ஒன்று விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. கடைசியில் தன் நெற்றியையே சுண்டி, காதைச் சாய்த்துக் கேட்டான்.

"நோ குட்" என்றது மொத்த வகுப்பும் ஒரே குரலில்.

வகுப்பு முடிந்ததும் துணைத் தலைமையாசிரியர் காலையில் கொடுத்த கோப்பையைக் கழுவி எடுத்து வந்து, இரண்டு கையாலும் நீட்டி, "குட்?" என்று கேட்டாராம்.

"என்னடா சொன்ன?"

"உள்ளதத்தான் சொன்னேன். நோ குட்டுன்னேன்."

"அடப்பாவி, வேலை என்னாச்சு?"

"கோப்பையத்தாண்டா குப்பையில போட்டாரு. என்னய இருக்கச் சொல்லிட்டாரு."

இப்போது அவன் கூப்பிடும்போதெல்லாம் நான் டீயோடு உட்காருகிறேன். போனைக் கோப்பைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு ஒரு சுண்டு சுண்டுவேன். எனக்கு ணங்கும் ஒன்றுதான், டப்பும் ஒன்றுதான். "ம், குடிடா" என்று அவன் சொல்ல வேண்டும். அதைக் கேட்காமல் எனக்கு டீ இறங்குவதில்லை.