பிரபஞ்சத்துக்கு ஓரம் உண்டென்று உடனே எழுது

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் பிள்ளைகளும் சுகம். உன் அத்தான் சுகமா என்பது உனக்கே வெளிச்சம்.

போன மாதம் நீ வந்து சாப்பிட்டாய். கை கழுவும்போது, "பிரபஞ்சத்துக்கு ஓரமே இல்லாமலும் இருக்கலாம் அத்தான்" என்று சொல்லிவிட்டு பஸ் பிடிக்க ஓடினாய். அத்தோடு போயிற்று என் நிம்மதி. எல்லையைக் கண்டுபிடித்துக் கல் நடுவதையே பிழைப்பாகக் கொண்ட சர்வேயரிடம் சொல்கிற பேச்சா அது? "ஓரம் இல்லாம ஒரு சாமான் எப்படிடீ இருக்கும்?" என்று சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்துவிட்டார். "இருந்துட்டுப் போகுது, சாப்பிடுங்க" என்றேன். காதில் விழவில்லை. மறுவாரம் பங்கு பிரிக்கிற அண்ணன் தம்பி இருவருக்கு நிலம் அளக்கப் போனவர், எல்லைக்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுக்கு அந்தப் பக்கம் என்ன?" என்று கேட்டிருக்கிறார். "தம்பி இடம் சார்." "அதுக்கு அந்தப் பக்கம்?" "ரோடு சார்." "அதுக்கும் அந்தப் பக்கம்?" இப்படியே கடல் தாண்டி, நிலா தாண்டிப் போயிருக்கிறார். வருஷக்கணக்காய் முகம் பார்க்காத அந்த இருவரும் ஒன்றுகூடி, இவரை ஸ்கூட்டரில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுவந்து விட்டார்கள். "ஐயாவுக்கு வெயில் ஒத்துக்கல போலம்மா" என்றார் மூத்தவர். மேலதிகாரி, ஓய்வெடுத்துவிட்டு வரச் சொல்லிவிட்டார். சும்மா இருக்கிறாரே என்று பல்லைக் காட்ட அனுப்பினேன். அங்கே பல் டாக்டரையும் கேட்டுத் தொலைத்திருக்கிறார். இப்போது டாக்டருக்கும் தூக்கமில்லையாம். அவர் மனைவி என்னிடம் சண்டைக்கு வருகிறாள். நான் யாரிடம் போய்ச் சண்டை போட?

ஆகையால் கண்ணே, ஓரம் உண்டு, சுற்றிலும் காம்பவுண்டுச் சுவர் கட்டியிருக்கிறது என்று நீ பாடம் நடத்தும் கல்லூரியின் முத்திரையோடு உடனே எழுது. அந்தப் பக்கம் என்ன என்பாரே, புறம்போக்கு என்று போடு. அந்த வார்த்தையைப் பார்த்தால் நிம்மதியாகத் தூங்கிவிடுவார்.

நீயும் உன் வீட்டாரும் குறையில்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன்னைத் தூக்கி வளர்த்த பாவத்துக்கு அனுபவிக்கும்
அக்கா

பி.கு.: உறையை ஒட்டுமுன் துணி எடுக்க மாடிக்குப் போனேன். வானத்தைப் பார்த்து நின்றிருந்தவர் திரும்பி, "நீ என்ன நினைக்கிற?" என்றார். கல்யாணமான நாளிலிருந்து எதைப் பற்றியும் அவர் என்னை அப்படிக் கேட்டதில்லை தம்பி. "எனக்கென்ன தெரியும்" என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "ஓரம்னு ஒண்ணு இருந்தா, அங்க போய் நிக்கிறவன் இன்னொரு அடி எடுத்து வெச்சுப் பார்க்க மாட்டானா?" என்று வந்துவிட்டது. என்னையே பார்த்தார். "அப்புறம்?" என்றார். பேசிக்கொண்டே நின்றதில் மழை வந்து துணியெல்லாம் தொப்பல். மேலே எழுதியதை மறந்துவிடு. நிஜமாகவே ஓரம் இருந்தாலும், அத்தானிடம் மட்டும் சொல்லிவிடாதே.