பெரிய டாக்டரின் வம்சத்திலிருந்து நாம் விலகிய விவரம்

அன்பும் அதைவிட அதிகமாகப் பொறுமையும் உள்ள அக்காவுக்கு,

உன் ஒரே தம்பி எழுதிக்கொள்வது. இவ்விடம் என் வலது முழங்காலைத் தவிர அனைவரும் நலம். அவ்விடம் நீயும் அத்தானும் அத்தானின் இரத்த அழுத்தமும் நலமென்று நம்புகிறேன். அவர் மாத்திரை போட்ட பிறகு இதைப் படித்துக் காட்டவும்.

உன் மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடுவில் கொஞ்ச நேரம் அது கிடைக்காமல் இருந்தது.

நம் குடும்பப் பெயரை வாசலில் ஆளுயர எழுத்தில் வைத்திருக்கிறார்களே, அந்த ஆஸ்பத்திரிதான். எக்ஸ்ரே பிரிவுக்கு ஆள் எடுத்தார்கள். “மாமா, நீங்க வீட்லயே இருங்க” என்று அவள் கெஞ்சியது உண்மை. தாய்மாமன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது பிள்ளையைத் தனியாக அனுப்ப மனம் வருமா, கூடவே கிளம்பிவிட்டேன். அவளை உள்ளே கூப்பிட்டதும் கூடத்தில் உட்கார்ந்தேன், எதிர்ச் சுவரில் ஆஸ்பத்திரியை நிறுவிய பெரிய டாக்டரின் படம். அக்கா, அந்த மூக்கை நீ பார்க்க வேண்டும், அப்படியே நம் அப்பா மூக்கு. பக்கத்தில் நின்ற காவலாளியிடம் அதை மட்டும்தான் சொன்னேன். அவர்தான் “அப்படியா, சொந்தமா?” என்றார். ஆசையாகக் கேட்டவரை வெறுங்கையோடு அனுப்பலாமா? நம் தாத்தாவின் கூடப்பிறந்த தம்பி என்றேன். சின்ன வயதில் இரத்தத்தைக் கண்டாலே மயங்கி விழுவார், தாத்தாதான் தைரியம் சொல்லி டாக்டருக்குப் படிக்க வைத்தார் என்றேன். பேச்சுவாக்கில் பெரிய பாலம் கட்டிய எஞ்சினியர், பதக்கம் வாங்கிய ஓட்டக்காரி, பல்கலைக்கழகம், பிஸ்கட் கம்பெனி என்று நம் பெயருள்ள அத்தனையையும் குடும்பத்தில் சேர்த்துவிட்டேன். கொலை வழக்கில் உள்ளே இருக்கிறானே, அவனை மட்டும் சேர்க்கவில்லை, அவன் வேறு கிளை. காலில் மாவுக்கட்டு போட்ட ஒருவர் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து கதை கேட்டார். எனக்குக் காப்பிகூட வந்தது. காப்பி கொண்டுவந்தவள்தான் போய் நிர்வாகி அம்மாளிடம் சொல்லியிருக்கிறாள்.

உன் மகள் வெளியே வந்தபோது முகம் செத்திருந்தது. “மாமா, இங்க என்ன பேசினீங்க?”

“நல்லதுதாம்மா பேசினேன்.”

“பெரிய டாக்டர் உயில்லயே எழுதி வச்சிருக்காராம், தன் ரத்த சொந்தம் யாரும் இங்க சம்பளத்துக்கு வரக்கூடாதுன்னு. வேலை உனக்குத்தான்னு சொன்னாங்க மாமா. இப்போ இல்லைங்கறாங்க.”

அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். அவள் கைப்பையின் கொக்கியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிட்டாள். பகலெல்லாம் துணிக்கடையில் நின்றுவிட்டு வந்து படித்த பிள்ளை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிர்வாகி அம்மாளின் அறைக்குள் நுழைந்தேன்.

“அம்மா, நாங்க யாருக்கும் சொந்தமில்ல” என்றேன்.

“அவர் மயங்கி விழுந்ததெல்லாம் சரியாச் சொல்லியிருக்கீங்களே. அது குடும்பத்துக்குள்ள மட்டும் தெரிஞ்ச விஷயமாச்சே” என்றார்.

அக்கா, எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது. இருந்தாலும் விடவில்லை. எங்கள் வம்சத்தில் பாலத்தின் மேல் நடந்தவர்கள் உண்டு, கட்டியவர் இல்லை, பல்கலைக்கழகத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கக்கூட எங்களைக் கூப்பிட்டதில்லை என்று அடுக்கினேன். அந்த அம்மாள் உன் மகள் பக்கம் திரும்பினார். “உங்க மாமா பொய் சொல்ற ஆளா?”

“பொய் சொல்ல மாட்டார் மேடம். இருக்கறதுக்கு மேல கொஞ்சம் போட்டுச் சொல்வார்.”

“இதுல எவ்வளவு போட்டது?”

பிள்ளை என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். வேலை போனாலும் மாமனை விட்டுக்கொடுக்க மாட்டாள் போலிருந்தது. அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. “மூக்கைத் தவிர எல்லாமே” என்றேன்.

அவர் காவலாளியைக் கூப்பிட்டார். “இவர் சொன்னதை நம்பினீங்களா?”

“நம்பினேம்மா. எங்களுக்கும் அதே பேர்தானே, எங்க வீட்லயும் இதையேதான் சொல்வாங்க, மயக்கம் உட்பட.”

“எங்க வீட்லயும்” என்றது கதவுப் பக்கமிருந்து சக்கர நாற்காலி.

நிர்வாகி அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எனக்கும் அதே பேர்தான். பேரை வச்சுச் சொந்தம்னா முதல்ல நான் வீட்டுக்குப் போகணும். திங்கக்கிழமை வந்து சேரும்மா.”

ஆகவே அக்கா, இன்றிலிருந்து நான் எந்தப் பெரிய மனிதருக்கும் சொந்தமில்லை. உனக்கும் அத்தானுக்கும் மட்டும்தான். இது சத்தியம். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி, அத்தானுக்கு அவர் விரும்பும் அளவு மரியாதை.

இப்படிக்கு,
யாருக்கும் சொந்தமில்லாத உன் தம்பி

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள், பிள்ளையின் சான்றிதழ் நகலைக் கொடுக்க மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். காவலாளி வாடிப்போய் நின்றார். “அப்போ நாம யாருக்கும் சொந்தமில்லையா அண்ணே? வீட்ல பிள்ளைங்ககிட்ட வேற உங்களைப் பத்திச் சொல்லிட்டேன்” என்றார். மனம் கேட்கவில்லை அக்கா. காதோரமாகக் குனிந்து, “பெரிய டாக்டர் கூடப்பிறந்தவங்க மூணு பேர். நான் மூத்தவர் வழி, நீங்க நடுவில உள்ளவர் வழி. வெளியில மூச்சு விடாதீங்க” என்றேன். திரும்பினால் நிர்வாகி அம்மாள் நிற்கிறார். பிள்ளை வேலை போச்சு என்றே நினைத்தேன். அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, மெதுவாக, “அப்போ நான் கடைசியவர் வழியா?” என்று கேட்டார். திங்கட்கிழமை பிள்ளையைக் கொண்டுவந்து விடும்போது விவரமாகச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.