பின்னறையில் தூங்கிய நைட் ஷிஃப்ட் குமார்

காணும் பொங்கலன்று எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. வருகிற சொந்தக்காரர்கள் யாரும் என் மகள் கயலிடம் கட்-ஆஃப் பற்றிக் கேட்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கயல் பிளஸ் டூ படிக்கிறாள். தீபாவளிக்கு வந்தவர்கள் முறுக்கும் கையுமாக அவளைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். நெல்லிக்குப்பம் அக்கா, "டாக்டருக்குப் படிடீ" என்றாள். சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ரிட்டயரான அவள் வீட்டுக்காரர், எங்கள் மாமா, "நீட்டுல எவ்ளோ வரும்?" என்றார். மந்தாரக்குப்பத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் என் தம்பி செல்வம், "என்ஜினியரிங் மட்டும் வேணாம். என் கடையில ஒருத்தன் அத படிச்சிட்டு ஆணி எடை போட்டுகினு இருக்கான்" என்றான்.

கயல் எழுந்துபோய் பாத்ரூமில் தாழ் போட்டுக்கொண்டாள். வெளியே வந்தபோது கண் இரண்டும் வீங்கியிருந்தன.

என் மனைவி இருந்திருந்தால் அத்தனை பேரையும் ஒரு பார்வையில் வெங்காயம் உரிக்க அனுப்பியிருப்பாள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. நெய்வேலி மைன்ஸில் கன்வேயர் இரைச்சலில் நின்று சைகையிலேயே பேசிப் பழகியவன். வாயைத் திறந்தால் வேண்டாததுதான் வரும்.

"அப்பா, பொங்கலுக்கு நான் ஃப்ரெண்ட் வீட்டுக்குப் போயிடட்டுமா?" என்றாள் கயல்.

"நம்ம வீட்ட விட்டு நீ ஏம்மா போகணும்? யாரும் கேக்க மாட்டாங்க. நான் பாத்துக்கறேன்."

"நீங்களா?"

அந்த 'நீங்களா' எனக்கு உறைத்துவிட்டது.

முதலில் நேர்வழியில் போனேன். அக்காவுக்குப் போன் போட்டு, "இந்தத் தடவ கயல்கிட்ட படிப்பு பத்தி எதுவும் கேக்காதக்கா" என்றேன்.

"அய்யய்யோ! ஃபெயிலாயிட்டாளா?"

"பரீட்சையே இன்னும் வரலக்கா!"

"அப்பறம் ஏன்டா மறைக்கிற?"

போனை வைத்த கொஞ்ச நேரத்தில் செல்வம் கூப்பிட்டான். "அண்ணே, மனசத் தளர வுடாத. ஃபெயிலானவன்லாம்தான் இன்னிக்கு பிசினஸ்ல பெரிய ஆளா இருக்கான்."

நேர்வழி அத்தோடு முடிந்தது.

காணும் பொங்கல் காலை. கயல் பின்னறையில் படுத்துக் கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். அக்கா செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள். "கயலு எங்கடா? அந்த மார்க்கு விஷயத்த நேர்லயே கேட்டுடறேன்."

நான் வாயெடுப்பதற்குள் பின்னறைக் கதவில் கை வைத்துவிட்டாள்.

"அக்கா! நைட் ஷிஃப்ட்!"

எனக்குள் எங்கிருந்து அது வந்தது என்று தெரியாது. கரண்ட் கம்பியைத் தொட்டவள் போல அக்கா கையை இழுத்துக்கொண்டாள்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் டவுன்ஷிப்பில் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குகிறவனை எழுப்புவதைவிடப் பெரிய பாவம் கிடையாது. அந்த வீட்டு வாசலில் கீரைக்காரம்மா கூவமாட்டார். பையன்கள் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த பிளாக்குக்குப் போய்விடுவார்கள். வந்து போகிற சொந்தக்காரர்களுக்கும் அந்தப் பயம் ரத்தத்தில் ஊறியிருக்கும்.

"யார்ரா நைட் ஷிஃப்டு? நீ இங்க நிக்கிற?" அக்கா கிசுகிசுத்தாள்.

"எங்க யூனிட் பையன்க்கா. குமார். அவன் குவார்ட்டர்ஸ்ல பெயின்ட் அடிச்சாங்க. வாடை தாங்காம இங்க வந்து படுத்திருக்கான்."

"கயலு?"

"ஃப்ரெண்ட் வீட்டுக்குப் போயிருக்கா."

நம்பிவிட்டார்கள்! அதற்குப் பிறகு என் வீட்டில் நடந்ததைப் போல ஒரு பொங்கல் நெய்வேலியில் எங்குமே நடந்திருக்காது. செல்வம் வழக்கம்போல, "அண்ணே!" என்று கத்திக்கொண்டு உள்ளே வந்தான். அக்கா அவன் வாயைப் பொத்தி உட்கார வைத்தாள். குக்கர் இரண்டாவது விசில் அடிப்பதற்குள் ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். பருப்பு வேகவில்லை. மாமாவுக்குக் கரும்பு கடிக்காமல் இருக்க முடியாது. கடித்தால் சத்தம் கேட்கும். தெருமுனை வரை நடந்துபோய், ஒரு கணு கடித்துவிட்டுத் திரும்பி வந்தார். இப்படியே நாலைந்து நடை.

படிப்புப் பேச்சே இல்லை. எனக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அப்போதுதான் அக்கா காதோடு கேட்டாள். "ஏன்டா, பையன் பர்மனென்டா, கான்ட்ராக்டா?"

கான்ட்ராக்ட் என்று சொல்லியிருக்கலாம். எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். இல்லாத ஆளுக்கு வேலை போட்டுக் கொடுக்கும்போது குறைவாகக் கொடுப்பானேன் என்று நினைத்துவிட்டேன்.

"பர்மனென்ட்."

மூன்று பேரும் என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

"கல்யாணம் ஆயிடிச்சா?"

ஆகிவிட்டது என்றால், பெண்டாட்டி எங்கே என்பார்கள். "ஆகல."

"நம்ம ஜனமா?"

இல்லாதவன் எந்த ஜனமாக இருந்தால் என்ன? தலையை ஆட்டினேன்.

"எங்க பொண்ணு சுதாவுக்கு ரெண்டு வருஷமா மாப்ள பாத்துகினு இருக்கோமே, ஒரு வார்த்த சொன்னியா நீ?" அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னா படிச்சிருக்கான்?"

"பி.இ."

மாமா கரும்பைக் கீழே வைத்தார். "கவுன்சிலிங்கா, மேனேஜ்மென்ட் கோட்டாவா?"

"கவுன்சிலிங்."

"கட்-ஆஃப் எவ்ளோ மச்சான்?"

நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். பழைய பேப்பர் கடைப் புத்தகங்களில் படித்ததுதான் என் படிப்பு. அதில் கட்-ஆஃப் வராது.

"நல்ல கட்-ஆஃப்" என்றேன்.

"நல்ல கட்-ஆஃப்னா ஒரு இஞ்ச் ஆணியா, மூணு இஞ்ச் ஆணியா? நம்பர் சொல்லுண்ணே" என்றான் செல்வம். "எந்த காலேஜு? எந்த குரூப்பு? அரியர் உண்டா?"

எழுந்துபோய் பாத்ரூமில் தாழ் போட்டுக்கொள்ளலாமா என்று இருந்தது. தீபாவளியன்று கயல் பட்ட பாடு அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது.

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து ஒரு தும்மல். கீச்சென்று.

"பையனுக்குக் குரல் மெலிசா இருக்கே" என்றார் மாமா.

"பெயின்ட் வாடைல தொண்ட கட்டிக்கிச்சு மாமா."

எனக்கு உதவுவதாக நினைத்து, கயல் செல்போனில் ஒரு குறட்டை வீடியோவைத் தேடிப் போட்டாள். கர்ர்... கர்ர்... அருமையான குறட்டை! அக்கா முகம் மலர்ந்தது. நானும் மூச்சு விட்டேன்.

குறட்டை சட்டென்று நின்றது. ஒரு பெண் குரல் கணீரென்று கேட்டது. "பிளஸ் டூ மாணவர்களே! நீட் பயிற்சிக்கான அட்மிஷன் நடைபெறுகிறது!"

பிறகு மறுபடியும் கர்ர்.

என் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

"தூங்கும்போதுகூட படிப்பு பத்தியே கேட்டுகினு தூங்கறான் பாரு" என்றாள் அக்கா. "எவ்ளோ பொறுப்பான புள்ள! அவன் எழுந்திரிக்கட்டும். பாத்துட்டுதான் கெளம்பப் போறோம்."

தானே ஒரு தட்டில் சர்க்கரைப் பொங்கலும் வடையும் தயிர்சாதமும் வைத்து, வாழையிலை போட்டு மூடி என் கையில் கொடுத்தாள். "மாப்ள முழிச்சிகினா பசிக்கும்."

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். கயல் காலையிலிருந்து பட்டினி. வடையை வாயில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, நான் இப்ப யாரு?"

"பர்மனென்ட்."

"எனக்குக் கல்யாணமா?"

"பேசிகினு இருக்காங்க."

சிரிப்பை அடக்கத் தலையணையைக் கடித்துக்கொண்டாள். அவள் சிரித்துப் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

காலித் தட்டோடு நான் வெளியே வந்ததும், "எழுந்துட்டானா?" என்றாள் அக்கா.

"தூக்கத்துலயே சாப்ட்டான்."

கயல் பின்னறையிலிருந்து தோட்டத்துக்குத் திறக்கும் கதவு வழியாகப் போய், வீட்டைச் சுற்றிக்கொண்டு, அப்போதுதான் வருகிறவள் போல வாசல் வழியாக உள்ளே வந்தாள். மூன்று பேரும் ஒன்றாகத் திரும்பினார்கள்.

"ஷ்ஷ்!" என்றாள் அக்கா. "மெதுவா வாடீ! உள்ள மாப்ள தூங்கறாரு."

மார்க் இல்லை. நீட் இல்லை. கயலைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து அக்கா கேட்டது இதுதான். "அந்தக் குமார் அண்ணன் எப்படிடீ? நல்ல கொணமா?"

"ரொம்ப நல்லவரு அத்த" என்றாள் கயல். "யாரையும் ஒரு கேள்வி கேக்க மாட்டாரு."

கடைசியில் மாமா பொறுக்கமுடியாமல் பின்னறைக் கதவைத் திறந்தே விட்டார். கட்டில் காலி. தோட்டத்துக் கதவு திறந்து கிடந்தது.

"ஓவர்டைமுக்குக் கூப்ட்டிருப்பாங்க" என்றேன்.

"நல்ல நாள்லகூட ஓ.டி.யா!" அக்கா கட்டிலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடாத குறை.

இப்போதெல்லாம் அக்கா வாராவாரம் போன் செய்கிறாள். கயலின் மார்க்கைப் பற்றி மூச்சு விடுவதில்லை. குமார் எப்போது ஜாதகம் தருவான் என்பதுதான் பேச்சு. அவனை வடக்கே எங்காவது டிரான்ஸ்ஃபரில் அனுப்பிவிட்டால் தொல்லை தீர்ந்துவிடும். உத்தரவு போட வேண்டியவனும் நான்தான்.

ஆனால் கயலின் பரீட்சை முடியும் வரை குமாரை நெய்வேலியை விட்டு அனுப்புவதாக இல்லை.