கருவி விருந்தும் உங்கள் தங்கையின் மேசையும்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன்; முதல் வரியிலேயே பொய் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அங்கே நீங்களும் உங்கள் துணைவியாரும் உங்கள் முழங்காலும் நலம் என நம்புகிறேன்.

எட்டு நாளாக உங்கள் தங்கை உங்கள் வீட்டில் இருக்கிறாள். ஏன் வந்தாள் என்று சொல்லியிருக்க மாட்டாள். கோபம் வந்தால் அவள் பேச மாட்டாள், துணி மடிப்பாள். இந்நேரம் உங்கள் வீட்டுத் துணியெல்லாம் மடித்து முடித்து, அக்கம்பக்கத்துத் துணிக்கு வந்திருப்பாள். ஆகவே நடந்ததை நானே ஒளிக்காமல் எழுதுகிறேன். படித்துவிட்டு நீங்கள் என்னைத் திட்டலாம், ஆனால் அவளை அனுப்பிவைக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

முப்பத்தொரு வருஷம் பதிவறையில் இருந்தேன். பழைய கோப்பு வேண்டுமென்றால் மேலதிகாரியே ஆனாலும் என் முன்னால் வந்து, "சார், ஒரு நிமிஷம்" என்று நின்றாக வேண்டும். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து பதினோரு மாதம், எங்கள் வாசல் மணியை அடித்தவர்கள் எரிவாயு உருளை கொண்டுவருபவரும், விலாசம் தவறி வந்த இருவரும்தான். அந்த இருவரையும் நான் உட்காரவைத்துக் காபி கொடுத்தேன். அந்தச் சமயத்தில்தான் தச்சுக் கருவி செய்யும் ஒரு கம்பெனியின் விளம்பரம் கண்ணில் பட்டது. அவர்கள் ஒரு பெட்டி நிறையக் கருவிகள் தருவார்கள், நாம் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அக்கம்பக்கத்தாரை வீட்டுக்கு அழைத்து, தேநீர் கொடுத்து, கருவிகளைக் காட்டி, அவர்கள் கையாலேயே செய்து பார்க்கச் சொல்ல வேண்டும், பிடித்தவர்கள் கம்பெனிக்கு எழுதி வாங்கிக்கொள்வார்கள். எனக்கு ஓர் ஆணி அடிக்கத் தெரியாது. உங்கள் வீட்டில் நாள்காட்டி மாட்டப்போய் நான் சுவருக்குச் செய்த காரியத்தை நீங்கள் இதுவரை சொல்லிக்காட்டியதில்லை. அந்தப் பெருந்தன்மையை நம்பித்தான் மேலே எழுதுகிறேன்.

முதல் ஞாயிறு நாலு பேர் வந்தார்கள். இரண்டாவது ஞாயிறு ஏழு பேர். கம்பெனி கொடுத்த கையேட்டில் தடித்த எழுத்தில் ஒரு வரி இருந்தது: கருவியை விருந்தினர் கையில் கொடுங்கள், கொடுத்தபின் திரும்பக் கேட்காதீர்கள். அதன்படியே நடந்தேன். மருந்துக் கடைக்காரர் இழைப்புளியைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. நான் வாங்கி வைத்திருந்த மூன்று பலகைகளையும் சுருள் சுருளாக இழைத்துத் தள்ளி, கூடத்தில் கணுக்கால் அளவு சுருளில் நின்றுகொண்டு, "சார், மனசு எவ்வளவு லேசா இருக்கு தெரியுமா?" என்றார். எனக்கும் லேசாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் மறு வாரத்துக்குப் பலகை வாங்க மறந்தேன். மைத்துனரே, என் அழிவு அந்த இடத்தில் தொடங்கியது.

மூன்றாவது ஞாயிறு பதினோரு பேர். கூடத்தில் நாற்காலி போதாமல் கட்டிலைக் கொண்டுவந்து போட்டோம். மருந்துக் கடைக்காரர் இழைப்புளியைக் கையில் எடுத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்து, "பலகை எங்க சார்?" என்றார். வீடு தேடி வந்தவரிடம் இல்லையென்று எப்படிச் சொல்வது? சமையலறைக் கதவு மழைக்காலத்தில் கொஞ்சம் இடிக்கும். "இதுல ரெண்டு இழுப்பு இழுங்களேன்" என்றேன். உடனே தையற்கடை அம்மா, "அவருக்கு மட்டும் கதவா? நாங்க என்ன பாவம் பண்ணோம்?" என்று ரம்பத்தைத் தூக்கினார். நியாயமான கேள்வி. ஒருவருக்குக் கொடுத்துவிட்டு இன்னொருவருக்கு இல்லையென்றால் அது என்ன உபசாரம்? அவருக்கு முக்காலியைக் கொடுத்தேன். பஸ் ஓட்டுநருக்குப் புத்தக அலமாரி. கணக்கு வாத்தியாரும் அவர் மனைவியும் உளி கேட்டார்கள். அவர்கள் உட்கார்ந்திருந்த கட்டிலையே கொடுத்தேன். இப்படி எல்லாருக்கும் பகிர்ந்து கொடுத்து நிமிர்ந்து பார்த்தால், மூலையில் கண் டாக்டர் டிரில்லிங் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு சாதுவாக உட்கார்ந்திருக்கிறார். "பரவால்ல சார், நான் சும்மா பாத்துட்டு இருக்கேன்" என்றார். அந்தப் பரவாயில்லைதான் என்னைக் கொன்றது.

வீட்டில் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. உங்கள் தங்கைக்கு வேலை கிடைத்தபோது நீங்கள் வாங்கிக்கொடுத்த மேசை. இருபத்தாறு வருஷம் பரீட்சைத் தாள் திருத்திய மேசை. தூசி தட்டக்கூட என்னை விடமாட்டாள். "ஓரமா, சின்னதா, ஒரே ஒரு ஓட்டை" என்றேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, நட்டநடுவில் வைத்து அழுத்தினார். மேசையைத் துளைத்து, இழுப்பறையைத் துளைத்து, அதற்குள் இருந்த அவளுடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் துளைத்துக்கொண்டு அது வெளியே வந்தது.

அப்போது அவள் தேநீர்த் தட்டுடன் வந்தாள். எதிலும் வைக்க இடமில்லை, தரையில் வைத்தாள். பதினோரு பேருக்கும் கொடுத்தாள், வாசல்வரை போய் வழியனுப்பினாள், திரும்பி வந்து சமையலறைக் கதவைச் சாத்தினாள். இழைத்த இழைப்பில் அது மூடவில்லை என்பது வேறு விஷயம்.

"வீட்டுக்கு ஆள் வரணும்னா வீட்டையே வெட்டிக் குடுக்கணுமா?" என்றாள்.

"சும்மா கூப்பிட்டா என்னைப் பாக்க யாரு வருவா?" என்றேன். வாய் தவறித்தான் சொன்னேன், ஆனால் உண்மை.

என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நான் இங்கதானே இருந்தேன்" என்றாள்.

அவ்வளவுதான். அடுத்த பஸ்ஸில் உங்கள் ஊருக்கு வந்துவிட்டாள். முப்பத்தொரு வருஷம் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறதென்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னவன், வீட்டில் இருந்தவளைப் பார்க்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. ஒருவரையும் அழைக்கவில்லை. ஒருவரும் வரவில்லை. கருவிப் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டேன்; நாளை காலை கம்பெனிக்குத் திரும்பப் போகிறது. இனி இந்த வீட்டில் ஊசியைத் தவிரக் கூரான பொருள் இருக்காது, விருந்து என்ற பேச்சு இருக்காது. இது சத்தியம். தயவுசெய்து அவளுக்கு எடுத்துச் சொல்லி, கையோடு பஸ் ஏற்றிவிடுங்கள்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்கு என் ஆசி, உங்கள் முழங்காலுக்கு என் பிரார்த்தனை.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும்
உங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது தொலைபேசி அடித்தது. அவள்தான். "நேத்து எத்தனை பேர் வந்தாங்க?" என்றாள். யாரும் வரவில்லை என்றேன். "யாருமேவா?" "யாருமே." பிறகு சொன்னாள்: "அந்தப் பெட்டியத் திருப்பி அனுப்பாதீங்க. இந்தத் தெருவுல பதினாலு பேர்கிட்டச் சொல்லி வெச்சிருக்கேன். வர்ற ஞாயித்துக்கிழமை நாலு மணி. வந்து காட்டிட்டு, அப்படியே என்னையும் கூட்டிட்டுப் போங்க. அண்ணன்கிட்ட இன்னும் சொல்லல." ஆகவே மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம், அவளைப் பஸ் ஏற்றவும் வேண்டாம். பெட்டியோடு நானே வருகிறேன். உங்கள் வீட்டில் உங்களுக்கு ரொம்பப் பிடித்த மேசை எதுவோ, அதை மட்டும் சனிக்கிழமையே மாடிக்கு ஏற்றிவிடுங்கள்.