முத்தலுக்குக் கழித்த நாய்

ஒரு நாயைப் பட்டினி போட்டு உத்தியோகத்தில் நிரந்தரமானவன் நான். இத்தனை காலம் இதை மறைத்து வைத்திருந்தேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் இலங்கையில் கொடகவெலப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இது தெரியாதவர் யாருமில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. எங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாக உயர்தரப் பரீட்சையில் தேறி, கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளையாகத் தற்காலிக வேலையில் சேர்ந்திருந்தேன். சாக்குக்கு, மழை ஈரத்துக்கு, முத்தல் இலைக்கு என்று எல்லோருடைய நிறையிலும் கறாராகக் கழிப்பேன். (கொழுந்து பறிக்கும் என் அம்மாவுக்கும்தான். அன்றைக்கு எனக்கு ஊற்றும் குழம்பில் மட்டும் உப்பிருக்காது.)

தோட்டத்தை நிர்வகிக்கும் துரை இரண்டு வார லீவில் கொழும்புக்குப் புறப்பட்டபோது என்னைக் கூப்பிட்டார். அவருடைய நாய் ரெக்ஸ் பெருத்துப்போய், நாலு படி ஏறினாலே நாக்கைத் தொங்கப்போட்டுப் படுத்துவிடும். பங்களா சமையல்காரர் பியசேன அப்பு வெளிநாட்டு நாய்த் தீனியைத் தட்டில் குவிப்பார். காலியாகக் காலியாக மறுபடியும் குவிப்பார்.

"இப்பிடியே போனா இதயம் நின்னிரும்னு டொக்டர் சொல்லிட்டார். உனக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரியுமே, பேக்கில உள்ளபடி அளந்து குடு. நான் வர்றப்ப நாய் நல்லா இருந்தா உன் வேலை நிரந்தரம்."

"இல்லாட்டிங்க, தொரை?"

ஜீப் போய்விட்டது.

பேக்கைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தேன். நாயின் நிறைக்கு இத்தனை கோப்பை என்று அட்டவணை போட்டிருந்தது. எனக்குத் தெரிந்த தராசு ஒன்றுதான். ரெக்ஸைக் கொழுந்துச் சாக்கில் இறக்கி, கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் தொங்கவிட்டேன். (குதித்து ஓட அதற்குத் தெம்பில்லை.) நாற்பத்திரண்டு கிலோ!

"ஐயா, சாக்குக்குக் கழிக்கலையா?"

வரிசையில் நின்ற அம்மா. அவள் என்னை 'ஐயா' என்றால் வில்லங்கம் வருகிறது என்று அர்த்தம்.

கழித்தேன்.

"மழையில நனைஞ்சிருக்கே, ஈரத்துக்கு?"

கழித்தேன்.

"மூக்கெல்லாம் நரைச்சிருக்கு, முத்தலுக்கு? எங்களுக்குன்னா மட்டும் கை தானா போவுது. தொரை வீட்டு நாய்க்குக் கழிக்க மாட்டீங்களோ?"

பெண்கள் சிரித்த சிரிப்பில் மடுவத்துத் தகரம் அதிர்ந்தது. சட்டம் எல்லோருக்கும் ஒன்று என்று காட்டும் வீம்பில் தாராளமாகக் கழித்தேன். ரெக்ஸ் இருபத்தேழு கிலோவுக்கு இறங்கியது, புத்தகத்தில்.

அந்த நிறைக்கு உரிய தீனியைப் பார்த்து அப்பு வாயில் கை வைத்தார். "அனே தம்பி, இது நாய்க்கா, பூனைக்கா?"

மூன்றாம் நாள் ரெக்ஸைக் காணோம்.

என் உத்தியோகமே நாலு காலில் ஓடிப்போன மாதிரி, தோட்டம் முழுக்க அழாத குறையாகத் தேடினேன். கடைசியில் மலையில் அம்மாவுக்குப் பின்னால், அவள் மடியிலிருந்த ரொட்டித் துண்டைப் பார்த்தபடி ஏறிக்கொண்டிருந்தது. இழுத்து வந்தேன், மறுநாள் விடியலில் மறுபடியும், வேலைக்குப் பேர் பதியும் பெரட்டில் பெண்களோடு நின்றது. அதன்பின் ஒரு நாள்கூடப் பெரட்டுக்குத் தவறவில்லை. (எனக்கே அந்தப் பெயர் கிடையாது.)

துரை திரும்பி வந்து விசில் அடித்தார். மேல் மலையிலிருந்து ஒரு நாய் தண்ணீர்க் கான்களைத் தாண்டிப் பாய்ந்து வந்து, அவரைச் சேற்றில் சாய்த்து முகத்தை நக்கியது.

"யாருட நாய் மேன் இது?"

"உங்கடதுங்க, தொரை."

நம்பாமல் அவரே, பெண்கள் கொழுந்தோடு வரிசையில் நின்ற மடுவத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தார். முப்பத்தாறு! என் முதுகில் தட்டி, எப்படி அளந்தாய் என்று கேட்டார். நானும் பெருமையாக ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன்.

"நாய்க்கு முத்தல் கழிச்சியா?" துரை வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். சட்டென்று நிறுத்தினார். "அப்ப, இவங்களுக்கு எவ்வளவு கழிக்கிற?"

நான் வாய் திறக்குமுன் அம்மா சொல்லிவிட்டாள், கிலோக் கணக்கோடு.

மறுநாளிலிருந்து சாக்குக்கு மட்டும்தான் கழிவு. பெண்கள் எனக்குப் பாயாசம் காய்ச்சிக் கொடுத்தார்கள். ரெக்ஸுக்கு மாலையே போட்டார்கள். என் வேலையும் நிரந்தரமானது.

இப்போது எனக்கும் தொப்பை வந்து, டொக்டர் சோற்றைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். தட்டைப் பார்த்து, "என்ன, இவ்வளவுதானா?" என்று மனைவியிடம் முறைத்தால், அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வரும்:

"முத்தலுக்குக் கழிச்சிருக்குங்க, ஐயா. பேசாமச் சாப்பிடுங்க."