படங்கு போர்த்திய இயந்திரம்

தொழில் ரகசியக்காரர் என்று ஓர் இனம் உண்டு, நீங்கள் பார்த்திருப்பீர்கள். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் "சும்மா, சின்னதாய் ஒண்டு" என்பார். இன்னும் ஓரடி நெருங்கினால் ஆக்லாந்து மழையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்.

என்ஜினியர் சற்குணம் அந்த இனத்தின் திலகம். கிளென்ஃபீல்ட் வீட்டுக் கராஜில் பால்மாப் பை ஒட்டும் இயந்திரம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தவர், தொண்ணூற்றாறில் பட்டறைகள் நிறைந்த ஈஸ்ட் டாமாக்கிக்கு மாறினார். ஏன்? பிளாஸ்டிக் தாள் செய்பவர், ஹீட்டர் செய்பவர், பல்சக்கரம் வெட்டுபவர் எல்லாரும் அங்கே கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள். வந்தவர் முதல் வேலையாக ஜன்னல்களுக்குக் கறுப்புத் தாள் ஒட்டி, இயந்திரத்துக்குத் தார்ப்பாய்ப் படங்கு போர்த்தி, மத்தியானம் லஞ்ச் பாரில் மற்றவர்கள் தங்கள் தலைவலிகளைக் கொட்டி யோசனை வாங்கிக்கொண்டிருக்க, மூலை மேசையில் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார்.

இயந்திரம் ஒட்டிய பைகளோ எல்லாம் வாய் பிளந்தன. வெள்ளிக்கிழமை பால்மாக் கம்பனிக்காரர் பார்க்க வருகிறார். பிடிக்காவிட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான்.

"பக்கத்துப் பட்டறையில பிளாஸ்டிக் தாள் செய்யிற அவவைக் கேளுங்கோவன்" என்றாள் மனைவி கல்யாணி.

"கேட்டா அவவும் மெஷின் செய்யத் தொடங்கிடுவா!"

பை ஏன் பிரிகிறது என்று கேட்டு ஜெர்மனியில் ஒரு கம்பனிக்கு ஃபேக்ஸ் அனுப்பினார். பதில் இல்லை. வியாழக்கிழமை சூட்டைக் கூட்டிப் பார்த்தார். தாள் கருகி, புகை அடுத்த பிளாஸ்டிக் பட்டறைக்குப் போனது. அதன் முதலாளி, மலேசியத் தமிழர் சீதாதேவி, தீயணைக்கும் சிலிண்டரோடு ஓடிவந்தார். சற்குணம் இரு கைகளையும் விரித்து இயந்திரத்தை மறைத்தார்.

"மறைக்காதீங்க சார். நீங்க வந்த நாள்லேர்ந்து பால்மா வாசம் எங்க பக்கம்தான் வருது. என்ன மெஷின்னு தெருவுக்கே தெரியும்லா."

"ஓ... தெரியுமோ?"

"சூட்டைக் கூட்டாதீங்க. ஒட்டின இடம் ஆறுறதுக்குள்ள திறக்குறீங்க. அதான் பிரியுது."

எதிர்ப்பக்கத்து ஹீட்டர்க்காரரையும் அவரே கூட்டிவந்தார். பையைக் கவ்வும் தாடைகளை இரண்டாக்குங்கள், ஒன்று சூட்டில் ஒட்டட்டும், அடுத்தது ஆற்றட்டும் என்றார் ஹீட்டர்க்காரர். அப்படியென்றால் இரண்டு பையை ஒரே நேரத்தில் ஓட்டலாமே என்று துள்ளினார் சற்குணம். மூவரில் எவருக்கும் தனியே தோன்றியிராத இயந்திரம் ஒன்று அன்று பின்னேரமே ஓடியது.

மறுநாள் கம்பனிக்காரர் ஒரு பையைத் தூக்கி நிலத்தில் எறிந்தார். பிரியவில்லை. கை கொடுத்தார். அன்று மத்தியானம் சற்குணம் லஞ்ச் பாரின் நடு மேசையில் கதைத்த கதையில் சாப்பாடு ஆறிப்போயிற்று.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் மீன்குழம்பு எப்படி இவ்வளவு ருசி என்று விருந்தாளி கேட்டபோது, எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டு ஒரேயொரு சாமானை மட்டும் விட்டுவிட்டது யார்?